நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகு

(சந்தவாசலில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



 



சர்க்கரை, இரத்த அழுத்தம், டெங்கு பற்றியெல்லாம் இந்த மேடையில் பல தடவை பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு நரம்பு நோயைப் பற்றி. அத்தனை அரிதான நோய்க்கு ஒரு கூட்டம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்த நோய் நம் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு, இது மருந்து உள்ள நோய். மருந்து இருந்தும் பிள்ளை படுத்த படுக்கையாகப் போனால், அதில் நோயின் பங்கு பாதி, நம் அறியாமையின் பங்கு பாதி.

இது என்ன நோய்?

இதன் பெயர் வில்சன் நோய். 1912ஆம் ஆண்டு லண்டனில் சாமுவேல் கின்னியர் வில்சன் என்ற நரம்பு மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அதனால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் துளித்துளியாகத் தாமிரம், அதாவது செம்பு, இருக்கிறது. உடம்புக்கு அது கொஞ்சம் தேவை. மிஞ்சியதை ஈரல் எடுத்துப் பித்த நீரோடு வெளியே அனுப்பிவிடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த வேலையைச் செய்யும் மரபணுவில் பிறவியிலேயே கோளாறு இருக்கிறது. மிஞ்சிய செம்பு வெளியே போகாமல் முதலில் ஈரலில் சேர்கிறது. அங்கே நிரம்பியதும் இரத்தத்தில் கலந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. பிறந்த நாளிலிருந்தே சேரத் தொடங்கினாலும், வெளியே தெரிவது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல்தான். நரம்புக் கோளாறாகத் தெரிவது பத்து வயதுக்கு மேல், இருபதை ஒட்டிய வயதுகளில்.

எப்படித் தெரியும்? கையெழுத்து கோணலாகும். கை நடுங்கும். பேச்சு குழறும். எச்சில் வடியும். நடை தடுமாறும், கை கால் முறுக்கிக்கொள்ளும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பின்தங்கும். காரணமில்லாமல் கோபம் வரும், அழும், சிரிக்கும். சில பிள்ளைகளுக்கு இவை எதுவும் இல்லாமல் மஞ்சள் காமாலையாக மட்டும் வரும். நம் பக்கத்தில் காமாலை என்றால் கீழாநெல்லி கொடுத்து, பத்தியம் வைத்து, இறங்கிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் காமாலை திரும்பத் திரும்ப வந்தால், அல்லது வயிறு வீங்கினால், அதை டாக்டரிடம் காட்டாமல் விடக்கூடாது.

மருந்து வந்த வரலாறு

வில்சன் எழுதிய காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. மூளையிலும் ஈரலிலும் சேர்வது செம்புதான் என்று தெளிவாக நிலைநாட்டப்பட்டதே 1948இல்தான். 1951 வாக்கில் ஓர் ஊசி மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அது உலகப் போரில் விஷ வாயுவுக்கு முறிவாகக் கண்டுபிடிக்கப்பட்டது, போடும்போது கடுமையாக வலிக்கும்.

பிறகு ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெனிசிலமின் என்ற மருந்து செம்பைப் பிடித்துக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேறும் என்று கண்டார். நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் தாமே விழுங்கிப் பார்த்தார். 1956இல் அதை வெளியிட்டார். அன்று முதல் இது மரண நோய் என்ற நிலை மாறியது. அந்த மாத்திரை இன்றும் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அதோடு துத்தநாகம் என்கிற ஜிங்க் மாத்திரையும் உண்டு. அது குடலிலேயே செம்பைத் தடுத்து நிறுத்தும். ஈரல் முழுவதும் கெட்டுவிட்டவர்களுக்கு ஈரல் மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது.

நம் நாட்டிலும் இதைப் பற்றிய அனுபவம் நிறைய உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் மூன்று பத்தாண்டுகளில் தாங்கள் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007இல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே, யாரும் கேள்விப்படாத நோய் என்று நாம் மனம் உடைய வேண்டியதில்லை. நாம்தான் கேள்விப்படவில்லை.

நம்மிடையே ஒரு குடும்பம்

அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். பெயரும் தெருவும் சொல்லமாட்டோம். தெரிந்தவர்களும் வெளியே பேசிக்கொள்ள வேண்டாம்.

பதினைந்து வயதுப் பையன். முதலில் கையெழுத்து கெட்டது. அக்கறையில்லை என்று பள்ளியில் திட்டு வாங்கினான், வீட்டில் அடியும் வாங்கினான். அடுத்து சாப்பிடும்போது எச்சில் வடிந்தது. பேச்சு தேய்ந்தது. ஓர் இரவு பாத்திரத்தைத் தூக்கி எறிந்தான். சொந்தக்காரர்கள் 'சாயா பட்டிருக்கிறது' என்றார்கள். ஓதிப் பார்த்தார்கள், தாயத்து கட்டினார்கள், ஊர் ஊராக அழைத்துப் போனார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. கையில் இருந்த பணமும் தாயின் நகையும் போனது.

கடைசியில் ஒரு கண் டாக்டர் விளக்குக் கருவியில் பார்த்து, கருவிழியின் ஓரத்தில் பழுப்பு நிற வளையம் இருப்பதைச் சொன்னார். செம்பு கண்ணில் படிவதால் வரும் வளையம் அது. வில்சன் நோய் மூளையைத் தொட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். அதன் பிறகு இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அதில் செம்பு எவ்வளவு என்ற பரிசோதனை, மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் எடுத்து நோய்க்குப் பெயர் வைத்தார்கள்.

பெயர் தெரிந்த அன்று அந்தத் தாய் எங்களிடம் சொன்னது, 'பேய் இல்லை, பைத்தியம் இல்லை என்றார்களே, அதுவே போதும்' என்பதுதான். ஆனால் உண்மையில் அது போதவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கே போவது, எதைச் சாப்பிடுவது, பணம் எங்கிருந்து வரும், ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விகள் வரிசையாக வந்தன. இன்றைய பேச்சு அந்தக் கேள்விகளைப் பற்றியது.

துஆவும் மருந்தும்

ஹஜ்ரத் அவர்கள் முன்னிலையில் இதை நாங்கள் அடக்கத்தோடு சொல்கிறோம். ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து வருகிறது. அதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் மருந்து செய்யுங்கள் என்று சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்பது அவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த நம்பிக்கை. அப்படியானால் மருந்தைத் தேடிப் போவது தவக்குலுக்கு எதிரானது அல்ல, அதன் ஒரு பகுதி.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பல மதத்தாரும் இருந்தார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு பல சட்ட நடவடிக்கைகள் வந்தன. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில் அரசாங்கமே மனநல மருத்துவர்களைக் கொண்டுவந்து 'தவா துஆ' என்ற திட்டத்தை நடத்தியது. வருகிறவர் துஆவும் செய்யலாம், டாக்டரையும் பார்க்கலாம். குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவிலும் இப்படி ஒரு திட்டம் உண்டு.

நாங்கள் கேட்பதும் அதைத்தான். ஓத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓதுகிற அன்றே டாக்டரிடமும் காட்டுங்கள். நம் ஊர்ப் பக்கம் ஓதிப் பார்க்கும் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எச்சில் வடிகிறது, பேச்சு குழறுகிறது, கை நடுங்குகிறது என்று ஒரு பிள்ளையை அழைத்து வந்தால், ஓதிவிட்டு, 'முதலில் நரம்பு டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் போங்கள்' என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு எங்கள் வார்த்தைக்கு இல்லை.

எங்கே போவது?

அல்லாஹ்வின் அருளால் நம் ஊர் திருவண்ணாமலை – வேலூர் சாலையில் இருக்கிறது. கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிற பஸ்ஸில் ஏறினால், ஊருக்குள் நுழைவதற்கு முன்பே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வருகிறது. வேலூருக்குள் சி.எம்.சி. இருக்கிறது. இந்தப் பக்கம் திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தூரமாகப் போக வேண்டியிருந்தால் சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும், ஈரலுக்கு ஸ்டான்லியும், குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் உண்டு. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அங்கே வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் சலுகை தருகிறார்கள்.

போகும்போது கவனிக்க வேண்டியவை:

முதலாவது, ஒரு ஃபைல் போடுங்கள். முதல் சீட்டிலிருந்து கடைசி ஸ்கேன் வரை தேதி வாரியாக அதில் இருக்கட்டும். எக்ஸ்ரே உறைக்குள் ஒன்று, பீரோவுக்குள் ஒன்று என்று வைத்தால், ஒரே பரிசோதனைக்கு இரண்டு தடவை பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பிள்ளையின் நடையையும் பேச்சையும் மாதம் ஒரு முறை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு ஆறு மாத மாற்றத்தை அது காட்டும்.

மூன்றாவது, கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். மருந்தின் பெயர், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு, என்ன தொந்தரவு வந்தால் உடனே வர வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு, புரியவில்லை என்றால் இன்னொரு தடவை கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

நான்காவது, ஒரே இடத்தில் தொடருங்கள். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது தவறில்லை. ஆனால் மாதம் ஒரு ஆஸ்பத்திரி மாறினால் மருந்தின் அளவை யாராலும் சரிசெய்ய முடியாது.

மருந்தை நிறுத்தாதீர்கள்

இந்த நோயில் மருந்து ஆயுள் முழுவதற்கும். இதைத்தான் இன்று நீங்கள் வேறு எதை மறந்தாலும் மறக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெனிசிலமின் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மருந்து. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. இரும்புச் சத்து மாத்திரையையும் ஜிங்க் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக்கூடாது. அதோடு பி6 வைட்டமினும் எழுதித் தருவார்கள். ஆரம்ப வாரங்களில் சிலருக்குக் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வரலாம். சிறுநீரில் புரதம் இறங்கலாம், இரத்த அணுக்கள் குறையலாம். அதனால்தான் அடிக்கடி இரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு மருந்து ஆரம்பித்த புதிதில் நடுக்கமும் முறுக்கும் கூடலாம். நாம் சொன்ன பையனுக்கும் அப்படித்தான் ஆனது. நடந்து போனவன் சுவரைப் பிடித்தான். 'இங்கிலீஷ் மருந்து பிள்ளையைக் கெடுத்துவிட்டது' என்று உறவுகள் ஒன்று கூடின. தந்தை மாத்திரையை நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டார். அந்த நேரத்தில் எங்களில் இருவர் அவரை அழைத்துக்கொண்டு டாக்டரிடமே போனோம். டாக்டர் அளவைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டினார். முதல் ஆறு மாதம் பொறுங்கள் என்றார். பொறுத்தார்கள். இன்று இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு இன்னும் முழுவதும் தெளியவில்லை. ஆனால் யார் கையையும் பிடிக்காமல் பள்ளிவாசலுக்கு நடந்து வருகிறான். அல்ஹம்துலில்லாஹ்.

குணம் தெரிந்த பிறகு நிறுத்துவது இதைவிட ஆபத்து. நன்றாகத்தானே இருக்கிறோம், எதற்கு மாத்திரை என்று இளைஞர்கள் நிறுத்திவிடுவது உண்டு. செம்பு மறுபடியும் சேரும். ஈரல் திடீரென்று செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். பெண் பிள்ளைகள் கர்ப்பமாகும்போது பயந்து நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போதும் நிறுத்தக்கூடாது. டாக்டர் அளவை மாற்றித் தருவார்.

இந்த மருந்து எல்லா மருந்துக் கடைகளிலும் இருக்காது. டப்பா காலியான பிறகு போளூருக்கும் ஆரணிக்கும் அலைவதில் பயனில்லை. பதினைந்து நாள் மருந்து கையில் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்குச் சொல்லி வையுங்கள்.

தாயைக் குறை சொல்லாதீர்கள்

பிள்ளைக்கு நோய் என்றால் நம் வீடுகளில் முதலில் குற்றம் சாட்டப்படுவது மருமகள். 'உன் வீட்டு இரத்தம்' என்பார்கள். இந்த நோயில் அது பொய். ஒரு பிள்ளைக்கு இது வர வேண்டுமானால் தாயிடமிருந்து ஒரு பழுதான மரபணுவும், தந்தையிடமிருந்து ஒரு பழுதான மரபணுவும் இரண்டும் வந்திருக்க வேண்டும். தாயும் தந்தையும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். தங்களிடம் அது இருப்பது அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரிந்தால், கூடப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் ஓடியாடிக்கொண்டிருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் பதினொரு வயதுத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். 'பெண் பிள்ளை, ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் நிக்காஹ் பேசி வருவார்கள்' என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டார்கள். பிறகு தாய்தான் துணிந்து, யாரிடமும் கேட்காமல் அழைத்துப் போனார். அவளுக்கும் இருந்தது. ஒரு நடுக்கம்கூட வரும் முன்பே மருந்து ஆரம்பமாகிவிட்டது. தொடர்ந்து மருந்து எடுத்தால் அண்ணன் பட்டது எதையும் அவள் படாமலே வாழ வாய்ப்பு இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். நிக்காஹ்வுக்குப் பயந்து மறைத்திருந்தால் அந்தப் பிள்ளையின் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாமன் மகன், அத்தை மகள், பெரியப்பா மகன், சித்தப்பா மகள் என்று முடிப்பதை நம் மார்க்கம் அனுமதித்திருக்கிறது. கட்டாயம் ஆக்கவில்லை. இது நம் சமுதாயத்தின் பழக்கம் மட்டும் அல்ல. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் சொந்தத்தில் முடித்தவர்கள். ஒரே தாத்தாவின் பேரப் பிள்ளைகள் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே, இப்படி ஒரு நோய் தென்பட்ட குடும்பத்தில் மறுபடியும் சொந்தத்துக்குள் பேசும் முன் டாக்டரிடம் மரபணு ஆலோசனை கேளுங்கள். இந்த நோய் உள்ளவர் மணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம். மறைத்து முடிக்க வேண்டாம். உண்மையைச் சொல்லிப் பேசும் நிக்காஹ்வில்தான் பரக்கத் இருக்கும்.

சாப்பாடும் நோன்பும்

செம்பு அதிகம் உள்ளவற்றைக் குறைக்க வேண்டும், முக்கியமாக முதல் வருடத்தில். ஆட்டு ஈரல், நண்டு, முந்திரி போன்ற பருப்பு வகைகள், சாக்லேட், காளான் ஆகியவை அவை. பக்ரீத் அன்று குர்பானி ஈரலை முதலில் பிள்ளைகளுக்கு ஊட்டுவது நம் பழக்கம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் கறியைக் கொடுங்கள். செம்புக் குடத்தில் ஊறவைத்த தண்ணீர் நல்லது என்று இப்போது பலர் குடிக்கிறார்கள். இந்த நோயாளிக்கு அது ஆகாது. கலாய் தேய்ந்துபோன செம்பு தேக்ஸாவில் சமைத்ததையும் தவிர்க்க வேண்டும். அதே சமயம், பத்தியம் மட்டும் இருந்தால் நோய் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பத்தியம் துணைதான், மருந்தின் இடத்துக்கு அது வராது.

ரமலானில் நோன்பு வைக்கலாமா என்று அந்தப் பையனே கேட்டான். நோயாளிக்குச் சலுகை கொடுத்திருப்பவன் அல்லாஹ். நாளைக்கு மூன்று வேளை வெறும் வயிற்றில் மருந்து எடுக்க வேண்டியவர், முதலில் டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதை ஹஜ்ரத்திடம் சொல்லி முடிவெடுக்க வேண்டும். நோன்பு வைக்கவே இயலாத நிலை நீடித்தால் ஃபித்யா கொடுக்கும் வழி இருக்கிறது. பிடிவாதமாக நோன்பு வைத்து மருந்தை விடுவது தக்வா ஆகாது. மாத்திரை உறையில் உள்ள ஜெலட்டின் ஹலாலா என்ற சந்தேகமும் சிலருக்கு வரும். சந்தேகம் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு யோசிக்காதீர்கள். மருந்தை எடுத்துக்கொண்டே ஆலிம்களிடம் கேளுங்கள். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்துக்கு ஷரீஅத்தில் இடம் உண்டு என்பதை அவர்கள் விளக்குவார்கள்.

பணமும் சான்றிதழ்களும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத குடும்பம் நம் ஜமாஅத்தில் இருக்கக்கூடாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதியலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் இது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு நாம் வேறு வழி பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும், பேச்சுக் குறைபாடும், கை கால் இயக்கக் குறைபாடும் அதில் உண்டு. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு சான்று தந்தால் அரசின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்டுப் பெறலாம். அந்தப் பையன் படிப்பை விடாமல் இருப்பதற்கு இந்தச் சலுகை பெரிய உதவி. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இனி நம்முடைய கடமைக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய் வந்த குழந்தைகளுக்கு 16 கோடி ரூபாய் ஊசி வேண்டும் என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வேண்டுகோள் வந்தது. மக்கள் மதம் பார்க்காமல் அள்ளிக் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. வில்சன் நோய்க்கு அவ்வளவு தொகை வேண்டாம். மருந்துக்கும் பரிசோதனைக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து மாதம் சில ஆயிரம் போதும். ஆனால் அது ஒவ்வொரு மாதமும் வேண்டும், பத்து வருடம் கழித்தும் வேண்டும். முதல் மாதம் ஐம்பது பேர் கொடுத்தார்கள். ஆறாவது மாதம் நான்கு பேர் மிஞ்சினார்கள். இது யாரையும் குறை சொல்வதற்காக அல்ல, மனித இயல்பு இது. ஆனால் அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது சிறிதானாலும் விடாமல் செய்வது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள் அல்லவா?

ஆகவே அறக்கட்டளை மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது.

ஒன்று, நீண்ட நாள் மருந்து தேவைப்படும் நோயாளிகளுக்கென்று பைத்துல்மாலில் தனிக் கணக்கு. மாதம் நூறு ரூபாய் தருவதாக ஒப்புக்கொள்பவர்களின் பெயரைப் பதிகிறோம். பெரிய தொகை ஒரு தடவை தருவதைவிட, நூறு ரூபாயை நிறுத்தாமல் தரும் முப்பது பேர் எங்களுக்குத் தேவை.

இரண்டு, ஜகாத்தும் சதகாவும் தனித்தனிக் கணக்கு. ஜகாத்துக்குரிய எட்டு வகையினர் யார் என்று குர்ஆனே வரையறுத்திருக்கிறது. ஏழை நோயாளி அதில் வருவார். நம் ஹனஃபி மத்ஹபில் ஜகாத் பொருள் அவருக்கே உடைமையாக்கப்பட வேண்டும் என்பதால், அதை ஹஜ்ரத் அவர்களின் வழிகாட்டுதல்படி நோயாளியின் குடும்பத்தார் கையிலேயே கொடுக்கிறோம். சதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி நம் ஊர்ச் சந்தைக்கு வரும் மலையாளி மக்களில் யாருக்காவது இப்படி ஒரு நோய் என்றாலும், அவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கும்.

மூன்று, துணைக்கு ஆள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக முடியாத தாய்மார்களோடு போக ஒரு சகோதரியும், படித்த ஓர் இளைஞரும் இருப்பார்கள். சீட்டு எழுத, வரிசையில் நிற்க, டாக்டர் சொன்னதைக் குறித்துக்கொள்ள. பணத்தைவிட இதைத்தான் அந்தத் தாய் பெரிதாகச் சொன்னார். எம்.ஆர்.ஐ. எடுக்கும் அறைக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமான நேரம் என்றார்.

உங்களிடம் கேட்பது

பெரியோர்களே! உங்களிடம் நாங்கள் கேட்பது அதிகம் இல்லை. வாய் கோணிப் பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிறுவர்களைக் கண்டியுங்கள். அந்தப் பிள்ளை பேசி முடிக்கும் வரை காத்திருங்கள், நீங்களே வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். 'என்ன பாவம் செய்தார்களோ' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஐயூப் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் நபி. அவர்கள் நீண்ட காலம் நோயில் இருந்தார்கள். நோய் பாவத்தின் கூலி என்று சொல்கிறவர் அந்த வரலாற்றை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளையிடம் புதிதாக ஒரு மாற்றம் தெரிந்தால் அதை முதலில் கவனிப்பது நீங்கள்தான். 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். அந்தத் தங்கையைக் காப்பாற்றியது ஒரு தாயின் பிடிவாதம்.

நோயோடு வாழும் சகோதர சகோதரிகளே! நீங்கள் யாருக்கும் பாரம் அல்ல. உங்களை விசாரிக்க வருவது எங்களுக்குக் கிடைக்கும் நன்மை. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகம் திறந்திருக்கும். ஃபைலோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாய் தந்தையருக்குப் பொறுமையையும் உடல் வலிமையையும் தருவாயாக. மருத்துவர்களின் கைகளில் பரக்கத்தைத் தருவாயாக. கொடுக்கத் தொடங்கியதை நிறுத்தாமல் கொடுக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.